பதினான்கு நாளில் பத்து ஊர் வேண்டாம்: கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

‘கிராண்ட் டூர்’ எனப்பட்ட, அன்றைய ஆங்கிலேயப் பிரபு வீட்டுப் பிள்ளைகளின் நீண்ட ஐரோப்பியக் கல்விப் பயணத்தின் பாதையில் மாணவர்களை அழைத்துப் போக நினைக்கும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறோம். டிராவல் ஏஜென்ட் நீட்டும் பதினான்கு நாள், பத்து ஊர் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபுக்களின் பிள்ளைகள் ஓர் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு பாரிஸ், டூரின், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றினார்கள். பிடித்த ஊரில் மாதக்கணக்கில் தங்கினார்கள். 1755இல் ரோமுக்குப் போன ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடம் 1757 வரை அங்கேயே இருந்து, கிளெரிசோ என்ற பிரெஞ்சு ஓவியரிடம் வரையக் கற்றார். பின்னாளில் அவர் கட்டிய வீடுகளுக்கெல்லாம் அந்தப் பயிற்சிதான் முதல். உங்களால் ஆண்டுக்கணக்கில் ஒதுக்க முடியாதுதான். 42 நாள் ஒதுக்குங்கள்: பாரிஸ் 7, ஆல்ப்ஸ் 3, டூரின் 3, ஃப்ளாரன்ஸ் 9, ரோம் 11, நேப்பிள்ஸ் 5, வெனிஸ் 4. லண்டனை விட்டுவிடலாம், அதற்குத் தனி விசா, தனிச் செலவு.

புறப்பாடு மே கடைசி வாரத்தில் இருக்கட்டும். பிரான்ஸிலிருந்து இத்தாலிக்கு ஆல்ப்ஸைக் கடக்கும், 2,081 மீட்டர் உயரத்தில் இருக்கும் மோன் செனி கணவாய்ச் சாலை பனியால் மூடப்பட்டு, பொதுவாக மே நடுவில்தான் திறக்கும். பாரிஸிலிருந்து டூரினுக்கு விமானம் பிடித்தால் பயணத்தின் பாதி உயிர் போய்விடும். பிரான்ஸ் பக்கம் மொதானில் ரயிலை விட்டு இறங்கி, லான்ஸ்லபூரில் தங்கி, தனிப் பேருந்து அமர்த்திக் கணவாய் வழியாக இத்தாலிய ஊரான சூசாவில் இறங்குங்கள். அன்று இதே இடத்தில் வண்டிகளைக் கழற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றினார்கள்; பயணிகளை நாற்காலியில் உட்காரவைத்துச் சுமந்தார்கள். 1739இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் செல்ல நாயை ஓநாய் கவ்விக்கொண்டு போனதும் இந்த வழியில்தான். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனால் ஜூனிலும் மேலே குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும்.

அதிகம் கோட்டைவிடுவது விசாவில். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். விமானம் பாரிஸில் இறங்குகிறது என்பதற்காக பிரான்ஸிடம் விண்ணப்பித்தால், தங்குமிட ரசீதுகளைப் பார்த்ததுமே சிக்கல் வரும். இந்தத் திட்டத்துக்கு இத்தாலிதான். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை வெனிஸிலிருந்தே போடுங்கள்.

அடுத்தது பெயர். ரோமின் கொலோசியம் அரங்குக்கும், எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய ஊரான பாம்பேய்க்கும் நுழைவுச்சீட்டில் பெயர் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ‘கே. முருகன்’ என்று இருப்பதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கும். பட்டியலை பாஸ்போர்ட் பார்த்துத் தயாரியுங்கள். கட்டணத்திலும் கவனம் தேவை. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ என்ற சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தாருக்குத்தான். நம் மாணவருக்கு முழுக் கட்டணம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஃப்ளாரன்ஸின் உஃபிட்ஸிக்குத் திங்கள். ரோமின் போர்கேஸே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரம்தான், முன்பதிவும் கட்டாயம்.

ரோமில் பதினோரு நாள் எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சிக்கு உள்ள உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். உச்சித் துளை வழியாக விழும் வெயில் வட்டத்தை மாணவர் காலையிலிருந்து அரை மணிக்கொரு தரம் நோட்டில் பென்சிலால் குறிக்கட்டும். ஜூன் நடுப்பகலில் அது வாசல் பக்கத் தரைக்கு இறங்கும். டிசம்பரில் குவிமாடத்தைவிட்டுக் கீழே வராது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வைத்தால் வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை நெட்டுக்கு வெட்டிக் காட்டும் படம்) வரைய வந்துவிடும். இதற்கே ஒரு நாள் போகும். நாற்பது நிமிடம் மட்டும் ஒதுக்கினால் செல்ஃபி எடுத்துக்கொண்டு வெளியே வரத்தான் முடியும்.

நேப்பிள்ஸிலிருந்து பாம்பேய்க்குக் காலை ஒன்பதுக்கே உள்ளே போய்விடுங்கள். அங்கே நிழல் மிகக் குறைவு. அதே எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்துக்கு மறுநாள் தனியாகப் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் இரண்டாவது ஊரில் யாரும் நோட்டைத் திறப்பதில்லை.

இப்படிக்கு,
மாணவர் கல்விப் பயணங்களுக்குத் திட்டம் வகுத்துத் தருவோர்