வகுப்பு எங்கே நடக்கும்?

உ
சிவமயம்

கோட்டையூர்,
ஆனி 4

அன்பு மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. நானும் உன் ஆத்தாவும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. நீ ஏற்றிவிட்ட பல்லவன் அரை மணி நேரம் தாமதமாகக் காரைக்குடி வந்தது. மற்றபடி சுகமான பயணம்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். நீ காலை முதல் மாலை வரை தொலைபேசியும் காதுமாக இருப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இரவிலும் அதே காதில் நான் வேறு பேச வேண்டாம் என்றுதான் கடிதம்.

அன்று சென்னையில், பல்கலைக்கழகச் சேர்க்கை விசாரணைகளுக்கு நீ பதில் சொல்லும் அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, "ஒரு மணி நேரம் பொறுங்கள் அப்பச்சி" என்றாய். அது மூன்று மணி நேரமாயிற்று. கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில், உனக்கு வந்த அழைப்புகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் பேசுவது கேட்கவில்லை. உன் பதிலை வைத்தே கேள்வியைக் கண்டுபிடித்துவிடலாம். "புழுங்கல் அரிசிதான் அம்மா." "ஞாயிற்றுக்கிழமையும் மெஸ் உண்டு ஐயா." "அறைக்கு மூன்று பேர்." "பூட்டு நீங்கள் கொண்டுவர வேண்டும்."

இரவு தயிர்சாதம் பிசைந்தபடி நீ சிரித்தாய். "இரண்டு வருடப் படிப்பு அப்பச்சி. பாடத்திட்டம் என்ன, படித்து முடித்தால் என்ன வழி, ஒருவர் கேட்பதில்லை. அரிசி பச்சையா புழுங்கலா என்று கேட்கிறார்கள்." நானும் உன்னோடு சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆனால் ரயிலில் வரும்போது அந்தச் சிரிப்பு சரியாகச் செரிக்கவில்லை.

உன் ஐயா, அதாவது என் தகப்பனார், பதின்மூன்று வயதில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடையில் எடுபிடி வேலைக்கு, போனவர். அங்கே கிட்டங்கி வாசம். நீளமான கூடம். கடைக்கு இவ்வளவு என்று தரையில் அளந்து விட்டிருப்பார்கள். பகலில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வட்டிக்கடை. இரவில் பெட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டு அதே இடத்தில் பாய். பின்கட்டில் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. கணக்கு மூன்று வருடம். அது முடிந்தால்தான் ஊருக்குத் திரும்பலாம். அவருடைய ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்க் கணக்கப்பிள்ளையை உட்காரவைத்து அவர்கள் எழுதச் சொன்ன கடிதங்களில் வட்டி எவ்வளவு, மேலாள் என்ன சம்பளம் போடுகிறார் என்ற விசாரணை ஏதும் கிடையாது. சமையல்காரன் எந்த ஊர், எண்ணெய் வைத்துக்கொள்கிறாயா, யார் பக்கத்தில் படுக்கிறாய், இவ்வளவுதான். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற பிள்ளையை எந்தப் பக்கம் தொட்டு விசாரிப்பது? சோறு ஒன்றுதான் தாய்க்குத் தெரிந்த பக்கம். உனக்குத் தொலைபேசியில் வருவதும் அதே கேள்விதான். அரிசியைப் பற்றிக் கேட்பவர்களிடம் எரிந்து விழாதே.

ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உன் அப்பச்சியே சாட்சி.

2009-ஆம் வருடம் உன்னைச் சேர்க்க வந்தோமே, நினைவிருக்கிறதா? சேப்பாக்கத்தில் கலந்தாய்வு. செனட் மாளிகையை அண்ணாந்து பார்த்தபடி, 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் நம் வீட்டுப் பெண் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். பணம் கட்டி ரசீது வாங்கியதும் பகல் பன்னிரண்டு. உடனே திருவல்லிக்கேணியில் இறங்கி, நான்கு பெண்கள் விடுதிகளை ஏறி இறங்கி, கடைசியில் ஒன்றில் மெஸ் சோற்றை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, வாசற்கதவு இரவு எட்டு மணிக்குச் சாத்தப்படும் என்று கேட்டதில் பூரித்துப்போய், மூன்று மாத அட்வான்ஸை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று உன் ஆத்தாவிடம் ஊரில் வந்து பெருமையடித்துக்கொண்டேன். இருபது கேள்வியாவது கேட்டிருப்பேன். வகுப்பு எங்கே நடக்கும் என்று கேட்கவில்லை.

அன்று உன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, மதியத்துக்கு மேல் ஒருவர் அழைத்தார். பெண் தாவரவியல் சேர்கிறாள் போலிருக்கிறது. நீ சொன்னாய்: "ஐயா, வீடு பார்ப்பது இருக்கட்டும். முதலில் துறை எந்த வளாகத்தில் என்று பாருங்கள். தாவரவியல் கிண்டியில். சேப்பாக்கத்துப் பக்கம் அறை எடுத்துவிடாதீர்கள், பிள்ளை தினமும் பஸ்ஸில் திண்டாடும்." சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாய். என் பக்கம் திரும்பவில்லை. நான் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருடம் நீ திருவல்லிக்கேணியிலிருந்து கிண்டிக்குப் போய் வந்திருக்கிறாய். ஆய்வகம் மாலை ஏழு வரை என்று அப்போதே ஒருமுறை சொன்னாய். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தும் விடுதிக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால், "அட்வான்ஸ் திரும்பாது, விடுங்கள் அப்பச்சி" என்று சொல்லியிருப்பாய். அதனால்தானே சொல்லவில்லை?

ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். போக ஒரு மணி, வர ஒரு மணி. வருடத்துக்கு 180 வேலை நாள் என்று வைத்தால் இரண்டு வருடத்தில் 720 மணி. அதாவது பகலும் இரவும் சேர்ந்த 30 முழு நாள். ஒரு மாதத்தைப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே கழித்திருக்கிறாய். என் கணக்கில் இது பற்று. எதை வைத்து இதை நேர் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி. இங்கே நிலவரத்தைச் சொல்கிறேன். நான் சென்னை போய்வந்தது தெரிந்ததிலிருந்து நம் வீட்டு முகப்புத் திண்ணை உன் அலுவலகத்தின் கிளையாகிவிட்டது. ஆத்தா ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தம்ளர் காபி ஆற்றுகிறாள். வருகிறவர்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தவறாக இருந்தால் நீ திருத்து.

"சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்க்க வேண்டும்" என்று வருபவர்கள்தான் அதிகம். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில்தான் என்று விளக்கவே அரை மணி நேரம் ஆகிறது. கடற்கரையில் 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி இருக்கிறது, 1914-இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம் போட்டால் போதும் என்று அனுப்பிவைக்கிறேன். முதுநிலை என்று வருபவர்களிடம், தமிழ் மெரினா வளாகம், கணிதம் சேப்பாக்கம், உயிர்வேதியியல் கிண்டி, மருத்துவ அடிப்படை அறிவியல் தரமணி என்று திருவிளையாடல் போல ஒப்பிக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுவதாக உன் ஆத்தா சொல்கிறாள்.

பள்ளத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மகனுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறதாம். பட்டத்தின் பெயர் ஒன்றரை வரி நீளம். கேட்கப் பகட்டாகத்தான் இருக்கிறது. நாளைக்குத் தேர்வாணையத் தேர்வு எழுதும்போது இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை, அதாவது வழக்கமான பட்டத்துக்கு இது சமம் என்ற அரசாணை, உண்டா என்று கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பணம் கட்டிவிட்டாராம், அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டது, அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று. அதே 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தத்தோடு முழுப் பணமும் தர வேண்டும், அந்தப் பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி கடந்து பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காபியைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

பெண்களைப் பெற்றவர்களிடம் இன்னொன்று சொல்கிறேன். எனக்கே நீ சொல்லித்தான் தெரியும். தனியார் பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-இல் சட்டம் வந்திருக்கிறது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் படியிறங்கிவிடுங்கள் என்கிறேன். கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்கிறார்கள். சோற்றை நசுக்கிப் பார்க்கத் தைரியம் இருக்கிறது, காகிதத்தைக் கேட்க இல்லை. நானும் அந்த ஜாதிதான், அவர்களை என்ன சொல்வது?

மாதம் 1000 ரூபாய் வருமே என்று சிலர். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்றேன். எம்.ஏ.வுக்கு உண்டா என்கிறார்கள். இளநிலையோடு சரி என்று சொல்லியிருக்கிறேன், சரிதானே?

இதற்கிடையில் உன் அம்மான் வந்து, "வாசலில் அழகப்பா பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு ஏன் எல்லோரும் சென்னைக்கு ஓடுகிறீர்கள்" என்று சண்டை பிடித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஆனால் அதே அழகப்பர்தான், அதற்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் கொடுத்தார். அதில்தான் 1944-இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அவரே சென்னைக்குப் போய்ச் செய்துவிட்டுத்தானே இங்கே வந்தார் என்று கேட்டேன். அம்மான் பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நேற்று மாலை எல்லோரும் போன பிறகு வளவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பங்காளிகள் பகுதியெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. இந்த வீட்டில் பூட்டிய அறை மட்டும் பதினேழு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடக்க ஆளில்லை, பூனைதான் படுத்துத் தூங்குகிறது. அங்கே உங்கள் ஊரில் கட்டில் ஒன்றுக்கு வாடகை கேட்கிறான், அதில் அலமாரியில் கால் பங்கு. ஒரு அறையைக் கழற்றிப் பல்லவனில் பார்சல் போட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்பத்தாவிடம் சொன்னேன். "சுமைகூலி அதிகமாகும்" என்றார்கள்.

இப்போது காரியம். பின்தெருத் தையற்காரர் மகளைப் பார்த்திருப்பாய், தெய்வானை. கல்லூரியில் நல்ல மதிப்பெண். முதுநிலையில் விலங்கியலா உயிர்வேதியியலா என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். அவளோடு நீயே ஒருமுறை பேசு. அவளிடம் பேசு, தகப்பனாரிடம் அல்ல. அவர் இருந்தால் அவள் வாயைத் திறப்பதில்லை. இரண்டிலும் ஆய்வகம் மாலை எத்தனை மணி வரை, பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டிலேயே இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் துறைக்குப் பக்கத்தில் எந்தத் தெருவில் தேடுவது, இவற்றை விசாரித்து எழுது. அதுவரை எந்த விடுதியிலும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று தையற்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். வரும் புதன்கிழமை இருவரும் பல்லவனில் வருகிறார்கள். பெண் இரண்டு இரவு உன்னோடு தங்கிக்கொள்ளட்டும். தகப்பனாருக்குச் சொந்தக்காரர் வீடு மாம்பலத்தில் இருக்கிறது.

அவர்கள் கையில் மனகோலமும் சீப்புச் சீடையும் கொடுத்தனுப்புகிறேன். சீடை இந்த முறை கொஞ்சம் கடுக்கென்று இருக்கிறது, பல்லைப் பார்த்துக்கொள். அவர்கள் திரும்பும்போது பழைய டப்பாக்களைக் கொடுத்தனுப்பு. அப்பத்தா கணக்கில் உன் பேரில் நான்கு எவர்சில்வர் டப்பா நிற்கிறது. அதில் ஒன்று 2009-இல் திருவல்லிக்கேணிக்கு வந்தது.

இப்படிக்கு,
அப்பச்சி