திருத்தும் கட்டணம் பற்றியும், அந்த மூன்றரை மார்க் பற்றியும்

அன்புள்ள மாணவர்களுக்கும், அவர்களை நம்பி அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். இப்படி ஒரு மடல் வரும் என்று உங்களில் பலர் எதிர்பார்த்தே இருப்பீர்கள். நம் பயிற்சி மையத்தில் நீங்கள் எழுதும் மாதிரித் தேர்வு விடைத்தாளைத் திருத்தும் கட்டணம் கூடுகிறது. நமக்குத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த இருவர் இப்போது நம்மோடு இல்லை. போதாக்குறைக்கு, பதினைந்துக்கு மூன்றரை மார்க் போட்டு நாம் திருத்திய விடைத்தாள் ஒன்றின் படம், நாம் மார்க் போடுவதில் கஞ்சர்கள் என்ற புகாரோடு டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. நேரில் வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கட்டணத்தை முதலில் முடித்துவிடலாம். யு.பி.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸ், அதாவது முதன்மை எழுத்துத் தேர்வில், ஜி.எஸ். எனும் பொது அறிவுத் தாள் ஒன்றைத் திருத்த இதுவரை 350 ரூபாய் வாங்கினோம். அடுத்த மாதம் முதல் 450 ரூபாய். மாநில அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின்ஸ் தாளுக்கும் இதுவே. யு.பி.எஸ்.சி.யில் நான்காம் தாள் தவிர ஒரு ஜி.எஸ். தாளில் 20 கேள்விகள். பத்து மார்க் கேள்வி பத்து, அதற்கு இரண்டிரண்டு பக்கம். பதினைந்து மார்க் கேள்வி பத்து, அதற்கு மும்மூன்று பக்கம். ஆக விடை எழுத மட்டும் 50 பக்கம். தேர்வறையில் ஆணையம் எவ்வளவு இடம் தருகிறதோ அதே இடம் விட்டு அச்சடித்துத்தான் தருகிறோம். நோட்டில் தாராளமாக எழுதிப் பழகிவிட்டால் அங்கே போய் இடம் போதாமல் திண்டாட வேண்டிவரும். தாள் விலையும் அச்சுக் கூலியும் எங்கே நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு நாம் பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2025-இல் அதை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அந்தக் கூடுதல் செலவை இத்தனை நாளும் நாமே தாங்கிக்கொண்டோம். மாதிரித் தேர்வுத் தொடர் முழுவதற்கும் ஏற்கெனவே பணம் கட்டியவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்க மாட்டோம். தமிழ்த் தகுதித் தாளுக்கும் பழைய கட்டணம்தான். அந்தத் தாளை எழுதிப் பார்க்க வருகிறவர்களே குறைவு. விலையையும் ஏற்றினால் யாரும் வரமாட்டீர்கள்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். யு.பி.எஸ்.சி.யில் இந்திய மொழித் தாளுக்கு 300 மார்க். அதில் 25 சதவீதம், அதாவது 75 எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மார்க்கைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். குரூப் 1-இல் தமிழ்த் தகுதித் தாளுக்கு 100 மார்க், குறைந்தது 40 வேண்டும். ஆங்கில வழியில் படித்துவிட்டு ‘தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறவர்கள் கவனிக்க.

அப்புறம் ஆள் விஷயம். ஜி.எஸ். 2 தாளைத் திருத்திய நம் அண்ணன் குரூப் 2-இல் தேர்வாகி வேலையில் சேர்ந்துவிட்டார். இதை இழப்பு என்று சொல்வதா, பெருமை என்று சொல்வதா தெரியவில்லை. அவர் பணியாணை வாங்கிய அன்று மையத்தில் கொடுத்த இனிப்பை நீங்களும்தான் சாப்பிட்டீர்கள். கட்டுரைத் தாள் பார்த்த அக்கா சென்னையில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கே கொடுக்கிற சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். இரண்டு கட்டுரை, கட்டுரைக்கு 125 மார்க், ஒவ்வொன்றும் ஆயிரம் ஆயிரத்து இருநூறு சொல் என்று உட்கார்ந்து வரிக்கு வரி படித்தவர் அவர். போனதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. இப்போது நானும் பழைய ஆட்கள் இருவரும் திருத்துகிறோம். விடைத்தாள் திரும்பி வர ஏழு நாள் என்பது பதினைந்து நாள் ஆகலாம். மற்றபடி எதுவும் மாறவில்லை.

மென்பொருளிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினால் உடனே வந்துவிடுமே என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். உங்கள் கையெழுத்தை நானே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது, தம்பி.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினைந்து மார்க் கேள்வி ஒன்றுக்கு நம் சிவப்பு மையில் மூன்றரை போட்டிருக்கிறது. மேலே ‘மூன்று பக்கம் எழுதியதற்கு மூன்றரை’ என்றும், கீழே ‘கஞ்சன் மையம்’ என்றும் யாரோ எழுதிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். விடையை எழுதிய மாணவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் நம் பிள்ளை, நன்றாகப் படிக்கிறவர், அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படத்தை வெளியிட்டது அவர்தானா என்றும் கேட்கவில்லை. ஆனால் ‘கஞ்சன்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மார்க்கை மிச்சம் பிடித்து நான் என்ன வீடா கட்டப் போகிறேன்?

கேள்வி இது: மாநிலச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவின் மீது ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை விமர்சன நோக்கில் ஆராய்க, 250 சொற்களில். தம்பி முதல் பக்கத்தில் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 153, ஆளுநர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கினார். 155-இல் நியமனம், 156-இல் பதவிக்காலம், 157-இல் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது. இரண்டாம் பக்கத்தில் 161, மன்னிப்பு அதிகாரம். எல்லாமே சரி, ஒரு தகவல்கூடத் தப்பில்லை. ஆனால் கேட்ட கேள்வி மசோதாவைப் பற்றியது. பிரிவு 200 மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, அதுவும் ‘ஆளுநர் ஒப்புதல் அளிப்பார்’ என்ற ஒரே வரியாக.

அந்த ஒரு வரிக்குள்தான் முழுக் கேள்வியும் இருக்கிறது. ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம். பண மசோதா அல்லாததைக் கூடிய விரைவில் பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம்; பேரவை அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. ‘கூடிய விரைவில்’ என்றால் எத்தனை நாள் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. சண்டையே அங்கேதான். 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு கால வரம்பு வகுத்தது, கிடப்பில் இருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்வதும் செல்லாது என்று கருத்துச் சொன்னது. நம் மாநிலத்து வழக்கு, நம் ஊர் டீக்கடை வரைக்கும் பேசிய விஷயம். இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்து, மத்திய, மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையத்தையும் பூஞ்சி ஆணையத்தையும் ஒவ்வொரு வரி தொட்டு, கடைசியில் தன் கருத்து இரண்டு வரி எழுதியிருந்தால் நானே ஏழு போட்டிருப்பேன்.

இதையெல்லாம் விடையின் அடியிலேயே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தோம். சுற்றுகிற படத்தில் அந்த அரைப் பக்கம் இல்லை, வெட்டிவிட்டார்கள். வேறு எதையும்விட இதுதான் எனக்கு உறைத்தது.

‘ஏழுதானா? பன்னிரண்டு ஏன் இல்லை?’ என்று கேட்பீர்கள். 2024-ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் இந்தியாவிலேயே முதலிடம் பெற்ற சக்தி துபேவின் எழுத்துத் தேர்வு மார்க் 1750-க்கு 843. நூற்றுக்கு ஐம்பதுகூட இல்லை. நேர்முகத் தேர்வில் 275-க்கு 200 சேர்த்து மொத்தம் 2025-க்கு 1043. அதற்கு முந்தைய ஆண்டு முதலிடம் பெற்ற ஆதித்ய ஸ்ரீவஸ்தவாவுக்கு எழுத்தில் 899, பாதியைக் கொஞ்சம் தாண்டியது. இதெல்லாம் ஆணையமே வெளியிட்ட மார்க். நாட்டின் முதல் ஆளுக்கே பதினைந்துக்குச் சராசரியாக ஏழு, ஏழரை என்றால் நம்மிடம் ஆறு வாங்கியவர் தலை குனிய வேண்டியதே இல்லை. கல்லூரியில் எண்பது, தொண்ணூறு வாங்கிப் பழகிய கண்ணுக்கு ஆறு சிறியதாகத் தெரிகிறது, எனக்குப் புரிகிறது. வேறு இடங்களில் ஒன்பதும் பத்தும் போடுகிறார்கள் என்கிறீர்கள். போடட்டும். அதை வைத்துக்கொண்டு ஆணையத்திடம் போய் ‘அங்கே பத்து கொடுத்தார்கள்’ என்று காட்ட முடியாது.

மார்க் குறைவதற்கு நாம் அடிக்கடி பார்க்கிற இன்னொரு காரணம், கடைசி மூன்று நான்கு கேள்விகளை வெறுமையாக விடுவது. 180 நிமிடத்தில் 20 விடை. பத்து மார்க்குக்கு ஏழு நிமிடம், பதினைந்து மார்க்குக்குப் பதினோரு நிமிடம் என்று வைத்தால் கணக்கு சரியாக முடிகிறது, யோசிக்கத் தனி நேரம் கிடையாது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி. ஜி.எஸ். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், படித்துப் புரிந்துகொண்டு தமிழில் எழுத வேண்டும். நம் யு.பி.எஸ்.சி. மாதிரித் தாளில் கேள்வியை ஏன் தமிழில் கொடுப்பதில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். குரூப் 1 தாளில் தமிழிலும் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆக, முதல் விடையை அழகுபார்த்து இருபது நிமிடம் செதுக்காதீர்கள். வெறும் பக்கத்துக்கு என்னாலும் மார்க் போட முடியாது, ஆணையத்தாலும் முடியாது.

புதிய கட்டணம் சிலருக்குச் சுமை என்று தெரியும். அவர்களுக்கு ஒளிவுமறைவு இல்லாமலே சொல்கிறேன்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் நடக்கிறது, பயிற்சி இலவசம். நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,000 பேருக்கு யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் அரசு உதவித்தொகை தருகிறது. முதல்நிலையைத் தாண்டியவர்களுக்கு 25,000 ரூபாய். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கெல்லாம் இடம் கிடைத்தால் போங்கள், எழுதிய தாளை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். சில மாணவர்களுக்கு இப்போதும் பாதிக் கட்டணம்தான், அது அவர்களுக்கும் எனக்கும் தெரிந்த கணக்கு, அப்படியே தொடரும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. புதுநத்தம் சாலை நூலகத்தில் பகலெல்லாம் படித்துவிட்டு, சாயங்காலம் வழியில் இறங்கி விடைத்தாளைக் கொடுத்துப் போகிறவர்கள். மாட்டுத்தாவணிக்கு காய் ஏற்றிவரும்போதெல்லாம் மகளின் விடைத்தாள் கட்டையும் மறக்காமல் கொண்டுவரும் உசிலம்பட்டி அப்பா. வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து புதிய பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு நடத்திப் பார்க்கிற பழைய மாணவர்கள். அந்தப் படம் சுற்ற ஆரம்பித்ததும் தங்கள் விடைத்தாளில் நாம் எழுதிய குறிப்புகளைப் படமெடுத்துப் பதிலுக்குப் போட்ட பிள்ளைகளும் உண்டு. நான் யாரையும் கேட்கவில்லை, நீங்களாகவே செய்தீர்கள். அவர்களில் ஒருவர் வாங்கியது நான்கு மார்க். அதையும் மறைக்காமல் போட்டிருந்தார். இந்த மையம் அச்சடித்த விளம்பரத்தால் ஓடவில்லை, உங்களால் ஓடுகிறது.

படத்தில் உள்ள தம்பி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதே கேள்வியை மறுபடி எழுதிக் கொண்டுவந்தால் கட்டணம் இல்லாமல் அவர் முன்னாலேயே உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். மார்க் எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது.

அடுத்த தாள் ஜி.எஸ். 3, வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. ஒன்பதே காலுக்கு மேல் கதவு திறக்காது. வெளியூர்க்காரர்கள் எழுதிய அன்றே அனுப்பிவிடுங்கள், முதல் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதுங்கள், ஓரத்தில் ஸ்டேப்ளர் அடிக்காமல் நூல் கோத்துக் கட்டுங்கள். பின்னைப் பிடுங்கும்போது பக்கம் கிழிந்துபோகிறது.

அன்புடன்,
மையப் பொறுப்பாளர்,
மதுரை