ஓடிக்கொண்டே நிற்கும் வண்டி

நிஸ்வா, ஓமன்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். போன் பண்ணினால் அம்மா, பாட்டி, அத்தை என்று கை மாறி உங்களிடம் வருவதற்குள் எனக்கு டூட்டி நேரம் ஆகிவிடுகிறது. அங்கே என்ன வண்டி ஓடுது, பட்டறையில் என்ன வேலை வருதென்று போன தடவை கேட்டீர்கள். நாமக்கல் பட்டறைக்காரருக்குப் போனில் அரைகுறையாகச் சொல்ல முடியுமா? அதனால்தான் கடிதம்.

ஊரைப் பற்றி முதலில். சுற்றிலும் மலை. கொல்லிமலை மாதிரி பச்சையாக நினைத்துவிடாதீர்கள், புல் பூண்டு இல்லாத மொட்டைப் பாறை. ஆனால் அடிவாரம் முழுக்கப் பேரீச்சந்தோப்பு. நிலத்தடித் தண்ணீரைச் சரிவு பார்த்து வாய்க்கால் வெட்டியே தோப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், மோட்டாரே கிடையாது. ஃபலஜ் என்கிறார்கள். தண்ணீரை மணிக்கணக்கில் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், நம்ம பங்காளிகள் கிணற்றுக்கு முறை வைக்கிற மாதிரியேதான். சண்டையும் வரும் என்றுதான் நினைக்கிறேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெயிலைப் பற்றி அத்தையிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று அரசாங்கச் சட்டம் இருக்கிறது. எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை இருப்பதால் அந்தச் சட்டம் எங்களைத் தொடுவதில்லை!

இனி வண்டிக் கதை. கம்பெனியில் ஜல்லி, மணல் அடிக்கிற டிப்பர் ஒன்று. மஸ்கட்டிலிருந்து இங்கே சுமார் 160 கிலோமீட்டர். நடுவில் சுமைல் பக்கம் மலை இடுக்கில் ரோடு ஏறும். அந்த ஏற்றத்தில் வண்டி திடீரென்று நின்றுவிடும். கார்கள் 120-ல் பறக்கிற ரோடு அது. இன்ஜின் நின்றால் ஸ்டீரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்கும் ஏர் டேங்கில் மிச்சமிருக்கிற காற்றுதான். டிரைவர் எப்படியோ ஓரம் கட்டி, பத்து இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்கு வந்தால் எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் நிற்காது. இந்த மாதிரி வண்டிதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும் என்று உங்களுக்குத் தெரியாதா.

எங்கள் தலைமை மெக்கானிக் பாகிஸ்தான்காரர், எல்லோரும் உஸ்தாத் என்போம். நல்ல கைவேலைக்காரர். இன்ஜின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற கிராங்க் சென்சார் சூட்டில் அடிபடுகிறது, ஆறினதும் சரியாகிவிடுகிறது என்றார். அப்படி ஆவது உண்டுதான். சென்சாரை மாற்றினார்கள், வண்டி நின்றது. டீசல் பில்டரை மாற்றினார்கள், அப்போதும் நின்றது. வெளியே கொண்டுபோய் ஸ்கேனர் மாட்டியதில் ரயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகிற குழாயில் டீசல் அழுத்தம், குறைவு என்று கோளாறு எண் வந்தது. உடனே ஹை பிரஷர் பம்பையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு நம்ம ஊரில் ஒரு பழைய மினி லாரியே வாங்கலாம். பிரஷர் குறைகிறது என்றுதான் ஸ்கேனர் சொல்லும், பம்பு வரைக்கும் டீசல் வருகிறதா என்று அது பார்க்காது.

வண்டி என் கைக்கு வந்தது அப்புறம்தான். முதல் வேலையாக டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் வங்காளதேசத்துக்காரர். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கு அதைவிடக் கொஞ்சம் மேல். ஜாப் கார்டில் ‘வண்டி நிற்குது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. ஆனால் அந்த மனுஷனிடம் ஒரு பக்கத்துக்கு விஷயம் இருந்தது. ஒருமுறை விடியற்காலைக் குளிரிலேயே நின்றிருக்கிறது, அப்படியானால் சூடு காரணம் இல்லை. டேங்க் நிறைய இருந்தால் நிற்பதே இல்லை, பாதிக்குக் கீழே போனால்தான். நிற்பதற்கு முன்னால் இழுவை குறையும், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறாது, அப்புறம்தான் அணையும். ஃபோர்மேனிடம் இதையெல்லாம் அப்போதே சொன்னாராம். டிரைவர் பேச்சை யார் கேட்பது?

மறுநாள் நானும் கூடப் போனேன், பாதி டேங்க் டீசலோடு. ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சென்சாரோ ஒயரோ விட்டுப்போனால், கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும். இங்கே முள் மெல்ல மெல்ல இறங்கியது. அப்போதே டீசல் பட்டினி என்று தெரிந்துவிட்டது. டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டியும் நின்றது, அதனால் காற்றுத் துளை அடைப்பு இல்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி ஓஸ் போட்டுப் பார்த்தேன். குமிழி இல்லை, ஏர் எடுக்கவில்லை.

கடைசியில் நீங்கள் செய்கிற கேன் வைத்தியம்தான். 20 லிட்டர் கேனை கேபினுக்குப் பின்னால் கட்டி, டேங்கை விட்டுவிட்டுக் கேனிலிருந்தே இழுக்கவைத்தேன். ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்கே திருப்பிவிட்டேன். திரும்பி வருகிற டீசல் நன்றாகச் சூடாக இருக்கும், அதனால் ஓஸ் நழுவாமல் கிளிப் போட்டு இறுக்கினேன். அதே லோடு, அதே ஏற்றம். வண்டி மூச்சுகூட வாங்காமல் ஏறிவிட்டது. பம்புமேல் பழி இல்லை, கோளாறு டேங்குக்குள்ளேதான்.

டேங்கின் மேல் டீசல் அளவு காட்டும் மிதவையின் மூடியைக் கழற்றி, டீசலை இறக்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கனமான பிளாஸ்டிக் தாள் கிடந்தது. டீசலில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது, ஒரு பக்கம் கத்தியால் கிழித்த தடம். சைட்டில் பேரலிலிருந்து டீசல் ஊற்றும்போது வாய் சீலைக் கிழித்துவிட்டு அப்படியே புனல் வைக்கிறார்கள், அதில் விழுந்திருக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் டீசல் அதிகம் அலையாது, தாளும் ஓரமாகக் கிடக்கும். குறைந்தால் மேட்டிலும் வளைவிலும் அலம்பும். அப்போது தாள் கிளம்பிவந்து உறிஞ்சு குழாய் வலையில் அப்பிக்கொள்ளும். ஏற்றத்தில் இழுப்பும் அதிகமில்லையா? இன்ஜின் நின்றால் இழுப்பு போய்விடும், தாள் தானாகக் கீழே விழும். டிரைவர் உட்கார்ந்து காத்திருந்தது இதற்குத்தான்.

உஸ்தாத் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கித் தந்தார். புனலுக்கு நான் கம்பி வலை வைத்துக் கொடுத்தேன். டிரைவர்கள் இப்போது ஃபோர்மேனிடம் போகாமல் நேராக என்னிடமே வந்து சொல்கிறார்கள். ஃபோர்மேனுக்கு இதில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்து நகையை முதலில் திருப்பச் சொல்லுங்கள், கூரை வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரியவன் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் எடுத்திருப்பதாக அத்தை சொன்னார். வயரிங்கையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், இங்கே வருகிற வண்டியில் பாதி ஒயர்தான். அப்புறம், டீசல் லைனில் இழுப்பைப் பார்க்க பழைய மீட்டர் ஒன்றுக்கு யூனியன் பற்ற வைத்து நீங்களே ஒரு கேஜ் செய்தீர்களே, அதைப் பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். டி (T) இணைப்பில் எந்தப் பக்கம் வால்வு வைத்தீர்கள் என்பது மறந்துபோச்சு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்