செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

நம் ஹாம் வானொலிச் சங்கத் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அக்டோபரில் சாரண மாணவர்களோடு, உலகச் சாரணர்கள் வானொலியில் பேசிக்கொள்ளும் ஜோட்டா நிகழ்ச்சி நடந்தது. ஹாம் உரிமத் தேர்வுக்கு வகுப்பு எடுத்தோம். குடியரசு தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஞாயிறு காலை நெட், அதாவது எல்லோரும் வானொலியில் கூடிப் பேசுவது, பெரும்பாலும் நடந்தது.

இனி ஆன்டெனா விஷயம். அதை மாடிக்கு மாற்றப் புதுக் கேபிள் வாங்கிய செலவைப் பற்றி டீக்கடை வரை பேச்சு போயிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நம் நாகை மாவட்டத்தில் செல்போன் கோபுரங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேலை வருவதே அப்படிப்பட்ட நாட்களில்தான். ஆனால் 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது, சங்க அறையிலிருந்து இரண்டு மீட்டர் அலைவரிசையில் பேசினால் வேளாங்கண்ணியைத் தாண்டி வெறும் இரைச்சல்தான். போர்டிகோ மேல், பக்கத்துக் கட்டடச் சுவருக்குக் கீழே ஆன்டெனா நின்றால் வேறென்ன கேட்கும்? அதை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கிவிடச் செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஒருமனதாக என்றால், அன்று வந்திருந்த நாலு பேர்.

பழைய கேபிள் 15 மீட்டர். புது இடத்துக்கு 30 மீட்டர் வேண்டும். "இன்னொரு 15 மீட்டர் அதே மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் வாங்கி, பேரல் என்ற இணைப்பான் போட்டு ஒட்டிவிடலாமே, எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டார்கள். கணக்கைச் சொல்கிறேன். நாம் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் அந்த மெல்லிய கேபிள் 30 மீட்டரில் சுமார் 6 டெசிபலை விழுங்கும். ரேடியோ செட் 25 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஆறு வாட். வரும் சிக்னலுக்கும் அதே கதிதான். தடித்த ஆர்.ஜி.213 கேபிள் என்றால் இழப்பு 3 டெசிபலுக்குள். பாதிக்கு மேல் மேலே போகும். உயரத்தில் கிடைத்ததைக் கேபிளில் தொலைப்பதற்கு ஏணி எதற்கு?

பேரல் ஜாயின்ட்டால் வரும் இழப்பு பெரிதல்ல, அது எனக்கும் தெரியும். பயம் தண்ணீர்தான். நம் ஊர் உப்புக்காற்றில் மாடியில் கிடக்கும் ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம். பழைய கேபிளை வெட்டியபோது கனெக்டரிலிருந்து வெகுதூரம் வரை செம்புப் பின்னல் கறுத்துக் கிடந்தது. துண்டு அலமாரியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே நீளமாக வாங்கினோம்.

டிவி கேபிள் போதும் என்றவருக்கு: அது 75 ஓம், நம் செட்டும் ஆன்டெனாவும் 50, பொருந்தாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது, பி.எல்.259 கனெக்டரில் எப்படிச் சால்டர் வைப்பது?

பழைய கேபிளில், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நன்றாகத்தானே காட்டியது என்றும் ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். செட் பக்கம் மீட்டர் வைத்தால் அப்படித்தான் காட்டும். மேலிருந்து திரும்பி வருவதையும் கேபிளே தின்றுவிட்டால் மீட்டர் எதைக் காட்டும்?

ஆன்டெனா ஏற்றிய ஞாயிறன்று எல்லோருக்கும் தகவல் போனது. பைப்பைப் பிடிக்க வந்தது மூன்று பேர். கனெக்டருக்கு சால்டர் வைத்து, மேலே ரப்பர் டேப் சுற்றி, அறைக்குள் நுழையுமிடத்தில் மழைநீர் சொட்டிப்போகக் கேபிளைத் தொங்கலாக வளைத்து விட்டிருக்கிறோம். இப்போது திருத்துறைப்பூண்டி தெளிவாகக் கேட்கிறது. குறை சொன்னவர்கள் அதே செட்டில் பேசி சிக்னல் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போகிறார்கள், சந்தோஷம்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். கேபிள் வாங்கிய பிறகும் கையிருப்பு உண்டு. பெருமைப்படும் அளவுக்கு இல்லை. சந்தா பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. இரண்டு வருடமாகத் தராதவர்கள்தான் கேபிள் விலையை அதிகம் விசாரித்தார்கள் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மாடியைத் தந்த கட்டட உரிமையாளருக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எர்த்திங்கும் இடிதாங்கி அரெஸ்டரும் போட்டே ஆக வேண்டும். ஆன்டெனாவை உயரத்தில் வைத்துவிட்டு இதைத் தள்ளிப்போட முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பணம் செப்டம்பருக்குள் வந்தால்தான் வேலை முடியும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினாலும் எனக்குச் சம்மதமே, அவர் சந்தா பாக்கி இல்லாதவராக இருந்தால் போதும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். டீ அதற்கு அடுத்த மேசையில்.