கௌஸில் கவிழ்ந்த படகு

அன்புள்ள சண்டியனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். நலத்துக்குக் கேடு வந்தது போன சனிக்கிழமைதான்.

கௌஸ் போயிருந்தோம். சவுத்தாம்ப்டனிலிருந்து விரைவுப் படகில் அரை மணி கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் வடக்கு முனையில் சின்ன ஊர். பாதிப் பேர் படகேறப் போகிறவர்கள், மீதிப் பேர் இறங்கி வந்தவர்கள். பாய்மரப் பந்தய வாரம் 1826இல் தொடங்கியதாம். கரையில் வரிசையாக நிற்கும் குட்டிப் பித்தளைப் பீரங்கிகளை வெடித்துத்தான் பந்தயத்தைத் தொடங்குவார்கள். 1851இல் இந்தத் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2024இல் கூட பிரிட்டன்காரர்களால் அதை மீட்க முடியவில்லை. நம் பள்ளிக் கபடிக் கேடயம் நினைவுக்கு வந்தது. வாத்தியார் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாரா?

மகளைப் பாய்மரப் பயிற்சி ஒன்றில் இரண்டு மணி நேரத்துக்குச் சேர்த்துவிட்டேன். வேடிக்கை பார்க்கலாம் என்ற எண்ணம். ஒரே பாய் கட்டிய, குளிக்கும் தொட்டி போன்ற படகு. அதில் அவள் மட்டும். தென்மேற்கிலிருந்து காற்று. "கச்சான்தான், பயமில்லை" என்று மனைவியிடம் பெரிய மீனவன் போலச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, படகு குப்புறக் கவிழ்ந்தது.

அடேய், நான் கத்திய கத்தலில் பக்கத்து பெஞ்சுக் கிழவர் ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டார். அவர்தான் சொன்னார்: வேண்டுமென்றே கவிழ்ப்பார்களாம், அதுதான் முதல் பாடமாம். அதற்குள் அவள் அடிப்பலகையைப் பிடித்துத் தொங்கி, படகை நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ஷூவோடு.

"என்னைக் காப்பாற்றவா வந்தீர்கள்? உங்களுக்கு நீந்தத் தெரியுமா அப்பா?"

தூத்துக்குடியில் கடலுக்கு நூறு அடி தள்ளிப் பிறந்தவன் நான். என்ன பதில் சொல்வது? அன்று வள்ளத்தில் நான் அழுத கதையை முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாய். சிரி. ஆனால் அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதே இல்லை. இதை உனக்குக் கூடச் சொன்னதில்லை.

மறுநாள் ஆற்றைக் கடந்து ஆஸ்பர்ன் மாளிகை பார்த்தோம். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத விக்டோரியா மகாராணி, பஞ்சாப் கட்டடக் கலைஞர் பாய் ராம் சிங்கை வைத்து அங்கே ஒரு தர்பார் அறை கட்டிவைத்திருக்கிறாள். சுவரெல்லாம் வெள்ளைச் சுதை வேலை, கணப்படுப்புக்கு மேலே மயில். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, பந்தி எங்கே?" என்றாள் மனைவி. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. காதில் அந்தக் கேள்விதான்.

செவ்வாய்க்கிழமை நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். உடன் கற்பவர்களில் மூத்தவனுக்கு ஏழு வயது. அவன் என்னை மிகவும் ஊக்கப்படுத்துகிறான்.

இதை உன் மனைவியிடம் சொல்லாதே, மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகஸ்டில் வருகிறோம். உன் மைத்துனனிடம் வள்ளத்துக்குச் சொல்லி வை. மகள் சுக்கான் பிடிப்பாளாம். நீயும் ஏற வேண்டும், என் பக்கத்தில்.

உன்,
அழுமூஞ்சி