ஃபிளாக் வராவிட்டாலும் பக்கம் எழும்பட்டும்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பண்டாரவளையிலேயே பள்ளிக்கூடம் சரிவந்தது பெரிய ஆறுதல். இங்கே மழை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூட, மற்றபடி எல்லோரும் சுகம்.

உங்கள் கொழுந்து நிறுவை ஆப்பில் ஃபீச்சர் ஃபிளாக், அதாவது ஒரு புது வசதியைத் திறக்கவும் மூடவும் உதவும் சுவிட்ச், போடத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வாசித்ததும் சந்தோஷமாக இருந்தது. புது புரோகிராம் கோட் ஏற்றுவது ஒரு வேலை, அதை ஆட்களுக்குத் திறந்துவிடுவது வேறு வேலை என்று பிரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் உங்கள் ஆப் முதலில் சேர்வரிடம் கன்ஃபிக்கை, அதாவது ஃபிளாக் மதிப்புகள் இருக்கும் அமைப்புப் பட்டியலை, கேட்கிறது, பதில் வந்த பிறகுதான் திரையைக் காட்டுகிறது. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கொழும்பில் அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. பொகவந்தலாவைப் பக்கம் சிக்னல் எட்டாத மலை மறைவில் கொழுந்து நிறுக்கிறவர் போனைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் நிற்கும், முன்னால் கொழுந்தோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் ஒரு மதிப்பை ஆப்பின் கோட் உள்ளேயே வைத்துவிடு. அது பழைய, பழகிய வழியாக இருக்கட்டும். கடைசியாக வந்த மதிப்புகளை லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது போனின் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் இடத்தில், வைத்து, அதைக் கொண்டே பக்கத்தை உடனே எழுப்பு. புதியதைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கையோடு திரையை மாற்றிவிடாதே. கிலோவை அடித்துக்கொண்டிருக்கும்போது பொத்தான் இடம் மாறினால் விழுகிற தப்பு எண் ஒருத்தியின் சம்பளம். அடுத்த தடவை திறக்கும்போது மாறட்டும்.

10 வீதம் பேருக்கு மட்டும் திறப்பதற்கு, பயனர் ஐடியையும் ஃபிளாக் பெயரையும் சேர்த்து ஹாஷ் (ஒரே எழுத்துகளுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கு) எடுத்து நூறால் வகுத்த மீதியைப் பார். அது 10க்குக் குறைவாக இருந்தால் திற. வீதத்தைக் கூட்டினாலும் ஏற்கெனவே கிடைத்தவருக்குப் பறிபோகாது.

சம்பள வீதத்தையும் கன்ஃபிக்கில் போடலாமா என்று கேட்டாய். போடலாம், ஒற்றை எண்ணாக மட்டும் வேண்டாம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே, அப்படி ஒரு மாற்றம் வரும்போது எந்தத் திகதியிலிருந்து என்பதும் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய மாதக் கணக்கு புது வீதத்தில் தெரியும். கணக்கைச் சேர்வரில் செய். பிரவுசருக்கு வந்த எதையும் யாரும் மாற்றிப் பார்க்கலாம். ஃபிளாக்கால் மறைத்த பக்கம் பூட்டிய பக்கம் ஆகாது.

இன்னொன்று, பழைய ஃபிளாக்கின் பெயரைத் திரும்பப் பாவிக்கவே வேண்டாம். 2012 ஓகஸ்ட் 1இல் அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலுக்கு நடந்தது அதுதான். பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்கு எடுத்தார்கள். எட்டுச் சேர்வரில் ஒன்றுக்குப் புதுக் கோட் போகவில்லை. அதில் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம். உனக்கு எட்டுச் சேர்வர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாட்கணக்கில் மூடாமல் கிடக்கும் ஒவ்வொரு பிரவுசர் டேபிலும் பழைய கோட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது புது மதிப்பை வாங்கினால் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்.

எல்லோருக்கும் திறந்து முடிந்த ஃபிளாக்குகளின் பட்டியலை அனுப்பு, எதை எதை அழிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்