நமது இசை கேட்போர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரே குழுவின் ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே ஆண்டு முழுவதும் கேட்பது என்று கடந்த பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். 1981இல் லண்டனில் உருவான டாக் டாக் (Talk Talk) பாப் இசைக்குழுவைத் தேர்ந்தெடுத்தபோது, இரண்டு மூன்று வெற்றிப் பாடல்களுக்கு ஓராண்டு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. தேவைதான் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் அமர்வில் கேட்டது ‘தி பார்ட்டிஸ் ஓவர்’ (1982). டியூரன் டியூரன் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த கொலின் தேர்ஸ்டன்தான் இதற்கும் தயாரிப்பாளர். அந்தச் சாயல் எல்லாப் பாடல்களிலும் இருக்கிறது: இறுக்கமான டிரம்ஸ், இடைவெளியே விடாத சிந்தசைசர். குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸின் துயரம் தோய்ந்த குரல் மட்டும் இதில் சேராமல் தனித்து ஒலிக்கிறது.

‘இட்ஸ் மை லைஃப்’ (1984) வருவதற்குள் கீபோர்டு வாசித்த சைமன் பிரென்னர் விலகிவிட்டார். டிம் ஃப்ரீஸ்-கிரீன் தயாரிப்பாளராக வந்து, ஹாலிஸுடன் சேர்ந்து பாடல்களும் எழுதத் தொடங்கினார். குழுவின் போக்கை மாற்றியது இந்தக் கூட்டணிதான். பால் வெப்பின் பேஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு போகும் இடங்களை நம் இளைய உறுப்பினர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள்.

‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ (1986) அமர்வில் விவாதம் சூடாகவே நடந்தது. பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை சென்ற இந்த ஆல்பம்தான் குழுவின் உச்சம் என்றனர் பலர். சிந்தசைசர் பின்வாங்கி, பியானோ, ஆர்கன், சிறுவர் குரல்கள் எல்லாம் முன்னுக்கு வரும் அழகான இசைத்தட்டு இது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதை உச்சம் என்று முடித்துவிட்டால் அடுத்து வந்ததைக் கேட்கும் பொறுமை நமக்கு இல்லாமல் போய்விடும். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு குழு மேடையேறவே இல்லை. விற்பனை கொடுத்த சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போய்விட்டது.

ஆண்டின் சிறந்த அமர்வு ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ (1988). லண்டனின் ஹைபரியிலிருந்த வெசெக்ஸ் ஸ்டூடியோவில், ஏறக்குறைய இருட்டில், ஒலிப்பதிவுக் கூடத்து விளக்குகளுக்குப் பதில் நிற எண்ணெய்த் தட்டு வழியே பாயும் ஒளிவீச்சு சுழல, ஃபில் பிரவுன் ஒலிப்பதிவு செய்தார். பல இசைக்கலைஞர்கள் மணிக்கணக்கில் மனம்போனபடி வாசித்தார்கள். அதில் பெரும்பகுதியை ஹாலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் நீக்கிவிட்டு, எஞ்சிய துணுக்குகளைக் கோத்து ஆறு பாடல்கள் ஆக்கினார்கள். முதல் பாடலில் டிரம்பெட்டும் தந்திகளும் மங்கலாக ஊர்ந்துகொண்டிருக்க, இரண்டு நிமிடங்களுக்கும் மேல் கழித்துத்தான் கிட்டார் நுழைகிறது. பிறகு ஹார்மோனிகா, உடைந்த தகரம் போல் கரகரத்துக்கொண்டு. முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் இடைவெளியின்றி ஒன்றாக ஓடுகின்றன. அது முடிந்ததும் யாரும் பேசவில்லை. நாதஸ்வரக் கச்சேரிகள் கேட்டு வளர்ந்த நம் மூத்த உறுப்பினர்தான், “தம்பி, முதலிலிருந்து இன்னொரு தரம் வையுங்கள்” என்றார். வைத்தோம். கூட்டம் முடிய வெகுநேரமானது.

கோடையில் ஹைபரி நியூ பார்க் சென்று அந்தக் கட்டடத்தையும் பார்த்தோம். தேவாலய மண்டபமாக இருந்து ஸ்டூடியோவான அது இப்போது குடியிருப்பு. உள்ளே போக வழியில்லை. வாசலில் நின்று வந்தோம்.

இந்த ஆல்பத்துக்குப் பின் ஒப்பந்தம் தொடர்பாக, இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த இஎம்ஐ நிறுவனத்துக்கும் குழுவுக்கும் வழக்கு நடந்தது. விடுபட்டு வந்த குழு, ‘லாஃபிங் ஸ்டாக்’ (1991) ஆல்பத்தை வெர்வ் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டது. பால் வெப் அதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டார். ‘ஆஃப்டர் த ஃப்ளட்’ பாடலில் ஒரே சுரம் ஒரு நிமிட அளவுக்குக் கீறலாக அலறுகிறது; கீழே லீ ஹாரிஸின் டிரம்ஸ் சற்றும் பதறாமல் நடந்துகொண்டே இருக்கிறது. 1982இல் ஒரு நொடியைக்கூடக் காலியாக விடத் துணியாத குழுவா இது என்று வியந்தோம். இந்த அமர்வுக்கு வருகை குறைவு. வராதவர்களுக்காக மறு அமர்வு நடத்த வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

1998இல் தன் பெயரிலேயே ஒரு தனி ஆல்பம் தந்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட ஹாலிஸ், 2019 பிப்ரவரியில் தமது 64ஆம் வயதில் காலமானார். நிறைவு அமர்வில் அந்த ஆல்பத்தைக் கேட்டு அஞ்சலி செலுத்தினோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஒலிபெருக்கிகளை ஒவ்வொரு முறையும் தம் காரில் ஏற்றி வந்த உறுப்பினருக்கும், தேநீர் ஏற்பாடுகளைக் கவனித்த அக்காமாருக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக்கு எக்ஸ்டிசி, ஜப்பான் ஆகிய இரு குழுக்களின் பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. வாக்கெடுப்பு இக்கூட்டத்திலேயே நடைபெறும்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்